மூடுபனி மேய்ந்த மார்கீஸ்

லியோனி வைலேயின் பசு மூடுபனியைத் தின்று கொழுத்தது. அக்டோபரில் தொடங்கி மே மாதத்துக்குள் மல்பூஸ்கே ஊரின் மேல் கிடந்த பனிமூட்டம் மொத்தத்தையும் அது மேய்ந்து தீர்த்துவிட்டது. அந்த வருடம் உருளைக்கிழங்கு சுமாராக விளைந்தது, பன்றிக்குட்டி விலை ஏறியது, ரொட்டிக்கடைக்காரர் புது அடுப்பு கட்டினார். இவற்றில் அடுப்பைப் பற்றித்தான் ஊரில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பசுவைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள், அதுவும் நல்ல வெயிலில் பார்த்தார்கள்.

ஓப்ராக் மேட்டுநிலத்தில் மூடுபனி விருந்தாளி அல்ல, வீட்டோடு மாப்பிள்ளை. செப்டம்பரில் வந்து உட்கார்ந்தால் கோடை வரை எழுந்திருக்காது. ஊரும் அதற்கேற்பப் பழகிக்கொண்டது. எங்கள் நிலங்களுக்கு இடையே இடுப்பளவு கற்சுவர்கள் உண்டு. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கியவை. பனிமூட்டம் இறங்கிய நாட்களில் இந்தச் சுவர்கள் நடக்கும். ஒரு சமயம் ஒரு முழம், ஒரு சமயம் இரண்டு. நகர்த்துகிறவர் முகம் யாருக்கும் தெரியாது, கல் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் ஊரில் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை, தட்பவெப்பம் என்போம். இவன் அவன் பக்கம் நகர்த்துவான், அடுத்த பனியில் அவன் இவன் பக்கம் நகர்த்துவான், கடைசியில் ஒருவருக்கும் நட்டமில்லை. நட்டப்பட்டது லியோனி ஒருத்திதான். அவள் புருஷன் உர்பேன், பாரிஸில் ஒன்றுவிட்ட அண்ணன் நடத்திய காப்பிக்கடைக்கு வேலைக்குப் போய், நிலவறைப் படிக்கட்டில் உருண்டு வந்த ஒயின் பீப்பாய்க்கு வழிவிடாமல் செத்துப்போனான். சுவரைத் திருப்பித் தள்ள வீட்டில் ஆம்பிளைக் கை இல்லை என்று தெரிந்ததும் மூன்று பக்கத்துச் சுவர்களும் அவள் வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தன. ஒரு பக்கம் மேயர் கசிமிர் கால்மெல், ஒரு பக்கம் பங்குச் சாமியார் பார்த்துக்கொள்ளும் கோவில் நிலம், ஒரு பக்கம் ரொட்டிக்கடைக்காரர். பத்துப் பன்னிரண்டு குளிர்காலத்தில் அவளுடைய மேய்ச்சல் நிலம் ஒரு சாப்பாட்டு மேசை விரிப்பின் அளவுக்கு வந்துவிட்டது. அவள் பசு வாலை வீசினால் மேயர் நிலத்தில் அத்துமீறிய கணக்கு.

லியோனி மேயரிடம் போய் முறையிட்டாள். கசிமிர் கால்மெல் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெரிய வயிறு, பெரிய குரல், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வருவார். ஆனால் கல் விஷயத்தில் அவரும் எங்களில் ஒருவர்தான்.

"சுவரு நகந்துருக்கு, மேயரே."

"கல்லுக்கு ஏதும்மா காலு?"

"காலு இல்லதான். ரெண்டு கை இருக்கும் போல."

"பனியில எல்லாம் கிட்ட இருக்கிற மாதிரிதான் தெரியும் லியோனி. வெயில் வரட்டும். வெயில் வந்த அன்னைக்கே வந்து பாத்துச் சொல்றேன்."

வெயில் எந்த லட்சணத்தில் வரும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் வீட்டுக்குப் போய் மாட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த இடத்தில் வேறு எந்தச் சாதி மாடாக இருந்தாலும் கதை கசாப்புக் கடையில் முடிந்திருக்கும். இது ஓப்ராக் மாடு. பெயர் மார்கீஸ். மார்கீஸ் என்றால் பிரபு வீட்டு அம்மாள். ஊரிலேயே ஏழை வீட்டு மாட்டுக்கு அந்தப் பெயரை வைத்தது செத்துப்போன உர்பேனின் குசும்பு. கோதுமை நிறம், மாவுக்குள் முகத்தை விட்டு எடுத்ததுபோல வாயைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், யாழ் மாதிரி வளைந்து நுனி கறுத்த கொம்பு, கண்ணைச் சுற்றி மை. பூசைக்கு வரும் பெண்கள் மை இட்டு வந்தால் எங்கள் பங்குச் சாமியார் ஃபுல்கிரான் பிரசங்கத்திலேயே ஏசுவார். மாட்டுக்கு ஆண்டவரே இட்டு அனுப்பியிருந்ததால் அவரால் அதற்கு மேல் பேச முடியவில்லை. புல் இல்லையென்றால் இந்த மாடுகள் முள்ளைத் தின்னும், முள்ளும் இல்லையென்றால் போன வருடப் புல்லின் ஞாபகத்தை அசைபோடும். முதுகில் ஒரு சாண் வெண்பனி உருகாமல் கிடக்கும், அடியில் மாடு அடுப்பு மாதிரி சூடாக இருக்கும். ஈனும்போது ஆளைக் கூப்பிடுவதில்லை. காலையில் போனால் கன்று நின்றுகொண்டிருக்கும், தாய் நம்மைப் பார்த்து, இப்போது எதற்கு வந்தாய் என்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொள்ளும். இருபது வயதிலும் கன்று போடும்.

ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. கன்று பக்கத்தில் இல்லாமல் ஒரு சொட்டுப் பால் இறக்காது. முதலில் கன்றை ஊட்டவிட வேண்டும். சுரப்பு விட்டதும் கன்றை இழுத்துத் தாயின் இடது முன்னங்காலோடு கட்டி, அதன் முதுகில் ஒரு பிடி உப்பைத் தேய்க்க வேண்டும். தாய் உப்பை நக்கும், பிள்ளையை நக்குவதாக நினைக்கும், பிள்ளைதான் குடிக்கிறது என்று நம்பிப் பாலை விடும். கறப்பவர் ஒற்றைக்கால் மணையை வாரால் பின்புறத்தில் கட்டிக்கொண்டு அந்த ஏமாற்றத்துக்குக் கீழே உட்கார்ந்து கறப்பார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதை ஜெபம் கற்பதற்கு முன்பே கற்றுக்கொள்கிறார்கள். அதனால்தான் பின்னால் நாங்கள் செய்த முட்டாள்தனத்துக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, சுவரில் இருந்த பாசியையும் நக்கித் தீர்த்த பிறகு, மார்கீஸ் தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது. புல்லைச் சுருட்டுவதுபோலவே பனிமூட்டத்தில் ஒரு கற்றையைச் சுருட்டி, சடக்கென்று பிய்த்து விழுங்கியது. பிய்ந்த இடத்தில் ஓட்டை விழுந்து நீல வானம் தெரிந்தது. மாடு இன்னொரு வாய் எடுத்தது. லியோனி காலி வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு எது செரிக்குதோ அதத் தின்னு தாயி" என்று மட்டும் சொன்னாள். கொடுப்பதற்கு அவளிடம் வேறு என்ன இருந்தது.

கிறிஸ்துமஸுக்குள் லியோனியின் வீட்டைச் சுற்றி வட்டமாக வெயில் அடித்தது. பிப்ரவரியில் மார்கீஸ் வெண்பனிக்கு நடுவே தனியாகப் படுத்து ஒரு காளைக்கன்றை ஈன்றது. கன்று நல்ல திடமாக இருந்தது, ஓரங்கள் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தன, தடவினால் கை ஈரமாகும். ரொதே நகரத்திலிருந்து கால்நடை அதிகாரி வந்தார். உங்கள் மாடுகளை விட்டுவிட்டுச் சமவெளியின் பெரிய வெள்ளை மாடுகளுக்கு மாறுங்கள் என்று சில வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தவர். முந்தைய வருடம் அவர் அனுப்பிய வெள்ளைக் காளை எங்கள் ஊர்க் காற்றை ஒரு மணி நேரம் அனுபவித்துவிட்டு வந்த பாதையிலேயே தானாக இறங்கிப் போய்விட்டது. அவர் மார்கீஸின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே தூரத்து மணிச்சத்தமும், வழி தவறிய யாரோ ஒருவர் கூப்பிடும் குரலும் கேட்பதாகச் சொன்னார். தீவனச் செலவு இல்லை என்று எழுதிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்.

மார்ச் மாதம் வெயில் தேவாலயப் படிக்கட்டுக்கு வந்தது. அத்தோடு ஊரின் நிம்மதி போயிற்று. தபால்காரரின் சைக்கிள் தினமும் காலையில் யார் வீட்டு வைக்கோல் கொட்டகையில் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்தது. ஃபுல்கிரான் சாமியார் பூசை அறைக்குப் பின்னால் ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் வேரில் சாராயம் வடிப்பது தெரிந்தது. முப்பது வருடம் குடும்பம் நடத்திய தம்பதிகள் ஒருவரை ஒருவர் தூரத்திலிருந்து முதல் தடவையாகப் பார்த்து, இவர் இவ்வளவு குள்ளமா என்று யோசித்தார்கள். எல்லாவற்றையும் விட மோசம் சுவர்கள். தேவாலயப் படிக்கட்டில் நின்றால் ஊரின் சுவர்கள் அனைத்தும் வரிசை வரிசையாக லியோனியின் வீட்டைப் பார்த்து வளைந்திருப்பது தெரிந்தது, கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு முண்டியடிக்கும் கூட்டம் மாதிரி. லியோனி சுத்தமான முக்காடு போட்டுக்கொண்டு மேயர் வீட்டுக்குப் போனாள்.

"வெயில் வந்துருச்சு, மேயரே."

கசிமிர் நெற்றியில் கை வைத்துச் சூரியனைப் பார்த்தார். "இது வெயில் இல்லம்மா. உன் மாடு பண்ற அட்டூழியம். சட்டப்படி வர்ற வெயில் வரட்டும்."

ஏப்ரலில் புல் காய ஆரம்பித்தது. எங்கள் புல்லுக்குப் பனிதான் தண்ணீர். பாலாடைக்கட்டி சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, அதை உருளைக்கிழங்கோடு சேர்த்து அலிகோ கிண்டினால் நூல் இழுக்கவில்லை. நூல் இழுக்காத அலிகோவை மசித்த உருளைக்கிழங்கு என்றுதான் சொல்ல வேண்டும், அதற்கு எதற்குக் கல்யாணம், காட்சி. எல்லோரும் சாராயக்கடையில் கூடினார்கள். புனித உர்பேன் திருநாள் மே இருபத்தைந்தாம் தேதி வருகிறது. அன்றுதான் ஊர் மாடுகள் பூவும் கொடியும் மணியும் கட்டிக்கொண்டு மேல்மலைக்கு ஏறும். அதற்குள் பனி திரும்பாவிட்டால் மேல்மலையிலும் மேய ஒன்றுமிருக்காது. பசுவை வெட்டிவிட வேண்டும் என்று முதலில் சொன்னது தபால்காரர்.

"பனியத் திருடிருச்சுன்னு மாட்ட வெட்டுவீங்க" என்றாள் லியோனி. "புல்லத் திருடுனவங்கள எங்க வச்சு வெட்டுறதா உத்தேசம்?"

ரொட்டிக்கடைக்காரர் தன் குவளைக்குள் பார்த்தார். சாமியார் இருமினார். "லியோனி, இதெல்லாம் பாவசங்கீர்த்தனத்துல பேச வேண்டிய விஷயம்."

"யாரோட பாவத்தச் சாமி நான் போய்ச் சொல்றது? உங்க பாவத்தையா?"

அவளிடம் இருந்தது அந்த மாடு ஒன்றுதான். மாடு போனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாரிஸுக்குப் போய், புருஷனைக் கொன்ற கடையில் குவளை கழுவ வேண்டும். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

மேயர் சட்டப்படி போகலாம் என்றார். மாவட்டத் துணை ஆட்சியரை விருந்துக்கு அழைத்து, வாய்க்கு ருசியாகப் போட்டு, பசுவை வெட்டும் உத்தரவு வாங்குவது என்று முடிவாயிற்று. பெரிய மனிதருக்கு விருந்து என்றால் இளங்கன்றுக் கறி வேண்டும். ஊரில் இருந்த கன்றுகளெல்லாம் காய்ந்த புல்லால் விலா எலும்பு தெரிய நின்றன. கொழுத்த கன்று ஒன்றே ஒன்றுதான். லியோனி வாசலில் குறுக்கே நின்றாள். பொது நன்மை என்ற சொல்லை மேயர் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் நான்கு பேர் அவளைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கன்றைக் கொண்டுபோனார்கள். கறக்கும் பசுவின் கன்றை வெட்டக்கூடாது என்று ஒருவருக்குக் கூடத் தோன்றவில்லை. மேசை விரிப்புக்கு எந்த நிறம் என்ற விவாதத்தில் எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள்.

கறி பஞ்சு மாதிரி இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரு வாரம் ஓரம் மங்கித் தெரிந்தார்கள். துணை ஆட்சியர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், மேயர் நான்கு தடவை. நாக்கும், ஈரலும், இரண்டு சிறுநீரகமும், கடைசியில் எலும்புக்குள் இருந்ததும் மேயருக்கே போயிற்று. துணை ஆட்சியர் வாயைத் துடைத்துக்கொண்டு, மூடுபனி யாருக்கும் சொந்தமில்லை, எனவே அதைத் தின்பது குற்றமாகாது, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். காரும் கொஞ்சம் மங்கலாகத்தான் போயிற்று.

மார்கீஸ் கத்த ஆரம்பித்தது. கன்றைக் கட்டியிருந்த இடத்தை மோந்து பார்க்கும், கத்தும், சுவர் ஓரமாகப் போய் நின்று கத்தும். கேட்கச் சகிக்கவில்லை. முன்பெல்லாம் மூடுபனி சத்தத்தைப் பாதி விழுங்கிவிடும், இப்போது அந்தக் கத்தல் ஊரின் ஒவ்வொரு சன்னல் வழியாகவும் நேராக வந்தது. நாங்கள் வெட்கப்பட்டோம். பிறகு ஒரு காலை அது கத்துவதை நிறுத்திவிட்டு மீதிப் பனியை மேய ஆரம்பித்தது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளின் பனியையும் நாக்கை நீட்டி இழுத்துத் தின்றது. பாலையும் இறக்கவில்லை, சாணியும் போடவில்லை, எல்லாவற்றையும் உள்ளே அடக்கிக்கொண்டது. வயிறு கொட்டகைக் கதவைத் தாண்டிப் பெருத்தது.

உத்தரவு இல்லாமலே வெட்டுவது என்று ஊரே முடிவு செய்து, லயோல் ஊரிலிருந்து கசாப்புக்காரரை வரவழைத்தார்கள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார், மாட்டின் விலாவில் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மேயரய்யா, இதுக்குள்ள ஒரு குளிர்காலம் முழுசா இருக்கு. இத ஒரே வெட்டுல தொறந்தா ரொதே வரைக்கும் ஒருத்தனும் மூச்சு விட முடியாது. கொஞ்சம் கொஞ்சமா கறந்துதான் எடுக்கணும்."

"கறந்தா வந்துருமா?"

"மாடுதானேய்யா. கன்னக் கட்டுனா வருது. கன்னு எங்க?"

எல்லோரும் தங்கள் தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

கன்று செத்தால் எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. செத்த கன்றின் தோலை உரித்து வேறொரு கன்றின் முதுகில் கட்டிவிட்டால், தாய் வாசனை பிடித்துப் பால் கொடுக்கும். தோல் மேயர் வீட்டில் இருந்தது. அவர் மனைவி செலி அதைப் பதம் பண்ணிக் கட்டிலுக்கு அருகே காலில் மிதிக்கப் போட்டிருந்தாள். அதை எடுத்து வந்து ரொட்டிக்கடைக்காரரின் கன்றுக்குப் போர்த்தி விட்டார்கள். மார்கீஸ் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு ஒரே உதையில் அதைச் சுவருக்கு அப்பால் அனுப்பியது. இன்னொரு கன்றும் அதே வழியில் போயிற்று. மூன்றாவது கன்று தானாகவே ஓடிவிட்டது. அப்போது, அதட்டுவதற்காகக் கிட்டே வந்த மேயரின் பக்கம் மாடு தலையைத் திருப்பியது. அவர் கையை மோந்தது. வயிற்றை மோந்தது. பிறகு, பிறந்த கன்றைக் கூப்பிடும்போது மட்டும் தொண்டைக்குள் எழுப்புமே, அந்த மெல்லிய உறுமலை எழுப்பியது. கசிமிர் கால்மெல் ஒரு அடி பின்னால் போனார். மாடு ஒரு அடி முன்னால் வந்தது.

லியோனிதான் சொன்னாள், கோபம் இல்லாமல் சொன்னாள். "அவ புள்ள உங்ககிட்டதான் இருக்கான், மேயரே. மத்தவங்ககிட்ட ஒரு வாய் ரெண்டு வாய்தான் இருக்கு. முக்காவாசி உங்ககிட்ட."

"நான் இந்த ஊரு மேயர்" என்றார் கசிமிர்.

"அதனாலதானே நாலு தடவ வாங்கித் தின்னீங்க" என்றாள் செலி. "கழட்டுங்க கோட்ட."

புனித உர்பேன் திருநாளுக்கு முந்திய நாள், நல்ல பகலில், தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் திடலில், மேகம் ஒரு துண்டு கூட இல்லாத வானத்தின் கீழே, மல்பூஸ்கேயின் மேயர் நான்கு காலில் நின்றார். கன்றின் தோல் அவர் முதுகில் பாதிக்குத்தான் எட்டியது. மார்கீஸின் இடது முன்னங்காலோடு அவரைக் கட்டினார்கள். உப்புத் தேய்க்கும் வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் செலியே செய்தாள், முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவ்வளவு அக்கறையாக எதையும் தேய்த்ததில்லை. அவமானத்தை மறைக்க ஒரு கை அளவு பனி கூட ஊரில் மிச்சமில்லை. லியோனி ஒற்றைக்கால் மணையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சாமியார் அவள் காதருகே குனிந்து, இந்த நேரத்தில் சுவரைப் பற்றிக் கேட்டால் மேயர் எதற்கும் தலையாட்டுவார் என்று கிசுகிசுத்தார். கோவில் நிலத்தின் சுவரைப் பற்றி அவர் குறிப்பிடவில்லை.

"கட்டிப் போட்டிருக்கிற கன்னுகிட்ட யாராச்சும் பேரம் பேசுவாங்களா, சாமி" என்றாள் லியோனி. "தள்ளுங்க. கறக்குற நேரம்."

மார்கீஸ் நக்க ஆரம்பித்தது. ஓப்ராக் மாட்டின் நாக்கு அரம் மாதிரி இருக்கும். கழுத்திலிருந்து தொடங்கி, தோளுக்கு, முதுகுக்கு, காதுக்குப் பின்னால், கண் இமை வரைக்கும் ஒரு இடம் விடாமல் நக்கியது. ஊர் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. மேயரும் முதலில் திட்டினார், பிறகு நெளிந்தார், பிறகு அசையாமல் நின்றார். அவர் பிறந்த அன்றே தாயை இழந்தவர், ஆறு அக்காமார் கையில் கஞ்சி குடித்து வளர்ந்தவர் என்பது அப்போதுதான் பலருக்கு ஞாபகம் வந்தது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்றின் குரல் என்றாலும் சரி, ஒரு மனிதன் தாயைக் கூப்பிட்ட குரல் என்றாலும் சரி, அதைக் கேட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை. மார்கீஸின் மடி இறங்கியது. லியோனியின் விரல்களுக்கு நடுவே முதலில் வெள்ளையாக ஆவி கசிந்தது, பிறகு கயிறு கயிறாக வந்தது. வாளி நிறைந்து வழிந்து, அவள் மடியை மூடி, திடலை மூடி, சாராயக்கடையை மூடி, மணிக்கூண்டின் மேல் ஏறியது. அவள் மாலை வரைக்கும் கறந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு ஊர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. தபால்காரர் சைக்கிளைத் தடவி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலத்திலிருந்து கல் உரசும் சத்தம் கேட்டது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு லியோனி கதவைச் சாத்தினாள். காலையில் பனி கொஞ்சம் விலகியபோது மாட்டை அவிழ்க்கப் போனவள் தன் நிலத்தில் நடந்தாள், நடந்தாள், சுவர் வரவில்லை. மேயர் பக்கத்துச் சுவர் உர்பேன் இருந்த காலத்தில் நின்ற இடத்தையும் தாண்டிப் போயிருந்தது. இருட்டுப் பனியில் பழைய இடம் சரியாகத் தெரியாமல், தள்ளியவர் தாராளமாகவே தள்ளியிருந்தார். மற்ற இரண்டு சுவர்களும் அரைமனதாகக் கொஞ்ச தூரம் பின்வாங்கியிருந்தன. யார் நகர்த்தியது என்று அவளும் கேட்கவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. கசிமிர் கால்மெலின் பத்து விரலிலும் கட்டு இருந்தது. உப்புப் பட்டுப் புண்ணாகிவிட்டது என்று செலி ஊருக்குச் சொன்னாள்.

அன்று புனித உர்பேன் திருநாள். அதுவரை ஒவ்வொரு வருடமும் மேயர் வீட்டுப் பசுதான் மந்தைக்கு முன்னால் போகும். அந்த வருடம் மார்கீஸ் கொம்புக்கு நடுவே கொடியும் பூவும் கட்டி முன்னால் நடந்தது. லியோனி கயிற்றைப் பிடித்திருந்தாள். மேயர் வழக்கம்போல ஊர்வலத்தின் நடுவே நடக்க முயன்றார், கொஞ்ச தூரத்தில் அவர் கால் தானாக முன்னே வந்தது. மாட்டின் இடது முன்னங்காலுக்குப் பக்கத்தில், கயிறு எதுவும் இல்லாமல், மேல்மலை வரைக்கும் நடந்தார். நடுவழியில் மாடு நின்று அவர் காதை ஒரு நக்கு நக்கிவிட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகு மார்கீஸுக்குப் புல் பஞ்சம் வரவில்லை. ஆனால் பழகிய நாக்கு சும்மா இருக்குமா, ஒவ்வொரு குளிர்காலமும் வாய் ருசிக்குக் கொஞ்சம் பனியை மேயும். வசந்தத்தில் கறந்து எடுக்க வேண்டியிருந்தது. கசிமிர் யாரும் கூப்பிடுவதற்கு முன்பே கோட்டைக் கழற்றிவிட்டு வந்து நிற்பார், உப்பையும் தானே கொண்டுவருவார். மேயர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஒருவர், நான் வந்தால் இந்தக் காட்டுமிராண்டித்தனத்தை ஒழிப்பேன் என்று பேசினார், தன் மனைவியின் வாக்கைக் கூட வாங்க முடியவில்லை. ரொதேயிலிருந்து வந்த அதிகாரி ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர்கள் ஓப்ராக் மாட்டைப் பற்றி நல்லவிதமாக எழுத ஆரம்பித்தார்கள், பஞ்சத்தைத் தாங்கும், குளிரைத் தாங்கும், நீண்ட நாள் வாழும், தாய்ப்பாசம் அதிகம் என்று. அதில் பொய் எதுவும் இல்லை. செலி போனாள், ஃபுல்கிரான் சாமியார் போனார், அவர் சாராயப் பானை மட்டும் அடுத்த சாமியாருக்கு வந்தது. மார்கீஸ் நாற்பதைத் தாண்டியும் கன்று போட்டது.

கசிமிர் கால்மெல் ஒரு நவம்பரில் இறந்தார். ஊர் முழுக்கப் பூ கொண்டுவந்தது. கடைசியாக லியோனி மாட்டை ஓட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தாள். மாட்டை உள்ளே விடக்கூடாது என்று புதுச் சாமியார் சொல்ல வாயெடுத்தார், மூத்தவர்கள் அவர் அங்கியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். லியோனி பூ எதுவும் கொண்டுவரவில்லை. பையிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துக் கல்லறைக் கல்லின் மேல் தேய்த்தாள். மார்கீஸ் குனிந்து அதைத் தலையிலிருந்து கால்வரை நக்கியது. அதன் மடியிலிருந்து, யாரும் கை வைக்காமலே, பனி இறங்கித் தோட்டத்தை மூடியது.

அந்தப் பனி மூன்று நாள் நின்றது. விலகியபோது பார்த்தால், கசிமிரின் கல்லறை, கோவில் நிலத்துக்கு அப்பால் லியோனியின் மேய்ச்சல் நிலம் இருக்கும் பக்கமாக, ஒரு முழம் நகர்ந்திருந்தது. எங்கள் ஊரில் அதைத் தட்பவெப்பம் என்போம்.